புள்ளி வைத்த பெயர்கள்

பரந்தன் சந்தியில் யாழ்ப்பாணம் போகும் பேருந்துகள் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு மருந்துக்கடை இருக்கிறது. அதன் மேல்மாடியில், எந்நேரமும் ஏசி ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சிறிய அறையில் நிசாந்தினி வேலை செய்கிறாள். சொந்த ஊரான ஜெயபுரத்தில் யாராவது "மகளுக்கு என்ன வேலை?" என்று கேட்டால், "ரத்தம் சோதிக்கிற எடத்துல" என்று தாய் அழகம்மா சொல்லிவிடுவார். அதைக் கேட்டவர்கள் தங்கள் சீனி, கொலஸ்ட்ரோல் அறிக்கைகளைத் தூக்கிக்கொண்டு சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வருவார்கள். ஊசியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற நிசாந்தினி, "எனக்கு உது விளங்காது, டொக்டரிட்டைக் காட்டுங்கோ" என்று அனுப்பிவைப்பாள்.

அவள் பார்ப்பது அந்த ஆய்வுகூடத்தின் கணினிகளை. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் சில கிளைகள் வைத்திருக்கும் தனியார் ஆய்வுகூடம் அது. எந்தக் கிளையில் இரத்தம் கொடுத்தாலும், நோயாளியின் பெயரும் முடிவும் பரந்தன் மேல்மாடிக்கு வந்து சேரும். அங்கிருந்துதான் கிளைகளும் வைத்தியர்களும் அவற்றைத் திரையில் பார்ப்பார்கள். அந்தத் தரவுகள் கெடாமல், தொலையாமல், கேட்ட நேரத்தில் கிடைக்கும்படி வைத்திருப்பது அவள் பொறுப்பு.

நிசாந்தினியின் தகப்பன் வீரையா ஹற்றன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவர். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு பெட்டி படுக்கையோடு வன்னிக்கு வந்து, மற்றவர்களின் வயல்களில் கூலிக்கு நின்று, பிற்பாடு ஜெயபுரத்தில் காணி கிடைத்து அதற்கு வேலி அடைத்தவர். நிசாந்தினி உயர்தரம் படிக்கும் வயதில், யுத்தம் நெருங்கி, அந்த வேலியை விட்டு ஓடவேண்டி வந்தது. ஓட்டம் வவுனியாவில் ஓர் அகதி முகாமில் போய் நின்றது. முகாமில் ஒரு கூடாரத்தில் கணித வகுப்பு நடந்தது. செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் அவள் எந்நேரமும் கணக்குச் செய்துகொண்டிருந்தாள். அந்தக் கணக்கு அவளை வவுனியாப் பல்கலைக்கழக வளாகத்துக்குக் கொண்டுபோனது. கணினியை முதன்முதலாகத் தொட்டது அங்கேதான்.

படிப்பு முடிந்து கொழும்பில் ஒரு நிதி நிறுவனத்தின் தரவு நிலையத்தில் சில ஆண்டுகள் இருந்தாள். வேலை பிடித்திருந்தது. ஆனால் வீரையா இருதய வருத்தத்தில் இறந்தபின் அழகம்மா தனித்துப் போனார். கொழும்புக்கு வா என்று கூப்பிட்டால், "வேலிய யாரு பாக்குறது?" என்பார். பரந்தனில் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அவள் விண்ணப்பித்தாள். ஆய்வுகூடத்தின் உரிமையாளர் யோகநாதன் அரசாங்க ஆஸ்பத்திரியில் நெடுங்காலம் இரத்தப் பரிசோதனை செய்து ஓய்வுபெற்றவர். அவருடையது யாழ்ப்பாணத்துத் தீவகத்திலிருந்து வந்து உருத்திரபுரத்தில் குடியேறிய விவசாயக் குடும்பம்.

"கொழும்பை விட்டிட்டு ஏன் பிள்ளை இஞ்ச வாறீர்?" என்று அவர் கேட்டார்.

"அம்மா அங்க வரமாட்டன் எண்டிட்டா சேர்."

"அது சரி," என்று சொல்லி அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அடுத்த மாதம் அவள் வேலையில் சேர்ந்தாள். கிழமை நாட்களில் பரந்தனிலேயே அறை எடுத்துத் தங்கினாள். வெள்ளிப் பின்னேரம் பேருந்தில் ஜெயபுரம் போனாள்.

அப்போது மேல்மாடியில் இரண்டு சேர்வர் கணினிகள் இருந்தன. இப்படிச் சில சேர்வர்கள் சேர்ந்து ஒரே தரவைத் தாங்கும் ஏற்பாட்டைக் கிளஸ்ரர் என்பார்கள். ஒன்று படுத்தால் மற்றது அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். முதலாவது சேர்வர் எழுதும் வேலை முழுவதையும் செய்தது. இரண்டாவது, முதலாவதில் எழுதப்படுவதை உடனுக்குடன் பிரதி எடுத்து, கிளைகளின் தேடல்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த இரண்டாவது கிழடாகிவிட்டது. அதன் காற்றாடி போடும் சத்தம் கீழே மருந்துக்கடை வரைக்கும் கேட்டது. அதன் தரவு வட்டு பழுதாகப் போகிறது என்று அடிக்கடி எச்சரிக்கை வந்தது. மூன்றாவதாக ஒரு சேர்வர் வாங்கவேண்டும் என்று நிசாந்தினி யோகநாதனிடம் திரும்பத் திரும்பச் சொல்லி, ஒருவழியாக ஒரு சிறுபோகக் காலத்தில் அது கொழும்பிலிருந்து லொறியில் வந்து இறங்கியது.

கிளைகள் பூட்டியிருக்கும் போயா எனப்படும் பௌர்ணமி விடுமுறை நாளில் அதைச் சேர்ப்பது என்று முடிவு. வலையமைப்பு வேலைகளைப் பார்க்கும் வினோதனும் அவளும் ஒடுக்கமான படிக்கட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். மின் இணைப்புக் கொடுத்து, தரவுத்தள மென்பொருளைப் போட்டார்கள். அது மற்ற இரண்டிலும் உள்ள அதே பதிப்பு. அதில் அவள் கவனமாக இருந்தாள். ஆனால் புதிய சேர்வரின் இயங்குதளம் அண்மையில் வெளிவந்தது. பழைய இரண்டிலும் இருந்தது பல ஆண்டுகளுக்கு முந்தியது. ஒழுங்காக ஓடுகிறதே என்று அவள் அவற்றில் கை வைக்காமல் விட்டிருந்தாள்.

புதியதற்கு வந்து காத்திருந்த எல்லா அப்டேற்றுகளையும் ஒன்றும் விடாமல் ஏற்றினாள். கொழும்பில் அப்படித்தான் பழகியிருந்தாள். அப்டேற் போடாத சேர்வர் கதவு பூட்டாத வீடு மாதிரி என்று அங்கே மேலதிகாரி சொல்லுவார்.

"அக்கா, பழசு ரெண்டும் பழைய சிஸ்டத்திலதானே நிக்குது. இது மட்டும் புதுசா இருந்தாப் பிரச்சினை இல்லையோ?" என்று வினோதன் கேட்டான்.

"டேட்டாபேஸ் ஒரே வேர்ஷன்தானே. ஒண்டும் வராது."

தரவு முழுவதும் பிரதியாகி முடிய மத்தியானம் கழிந்துவிட்டது. சரியா என்று பார்க்க 'அழகம்மா' என்று அடித்தாள். தாயின் சீனி அறிக்கைகள் வந்தன. 'வினோதன்' என்று அடித்தாள். அவனுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தபோது எடுத்த இரத்தத்தின் முடிவு வந்தது. திருப்தியாக இருந்தது. கிளைகளிலிருந்து வரும் தேடல்களையெல்லாம் புதிய சேர்வருக்குத் திருப்பிவிட்டாள். கிழட்டுச் சேர்வருக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கட்டும் என்று நினைத்தாள்.

மறுநாள் காலை கிளிநொச்சிக் கிளையிலிருந்து சுதாஜினி அழைத்தாள். அங்கே பதிவு மேசையில் இருக்கும் பெண் அவள்.

"நிசா அக்கா, உருத்திரபுரத்திலை இருந்து ஒரு அம்மா வந்திருக்கிறா. ஏ. சிவலட்சுமி எண்டு பேர். மாதாமாதம் கிட்னிக்கு ரத்தம் குடுக்கிறவா. அவான்ர பேர் காட்டுதில்லை."

நிசாந்தினி தன் மேசையிலிருந்து தேடினாள். உடனே வந்தது. "இருக்குதே சுதா. எழுத்து மாறி அடிச்சிருப்பீர்."

"இல்லை அக்கா, சரியாத்தான்..."

"இன்னொருக்கா அடிச்சுப் பாரும்."

சுதாஜினி தொலைபேசியை வைத்தாள். மேசைக்கு முன்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். மறுபடி அடித்துப் பார்த்தாள், இல்லை. "அம்மா, உங்கட பேர் இதிலை இல்லை," என்றாள். "அப்ப புதுசாப் பதியுங்கோவன் பிள்ளை," என்றார் சிவலட்சுமி. புதிய இலக்கம் போட்டு, புதிய ஆளாகப் பதிந்து, இரத்தம் எடுத்து அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகும் சிலரை அப்படியே பதிந்தாள். அன்றைக்கு நிசாந்தினியைத் திரும்ப அழைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அடுத்த நாள் மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னர் அவள் மறுபடி அழைத்தாள். இந்தமுறை குரலில் தயக்கம் இல்லை.

"அக்கா, இண்டைக்கும் அப்பிடித்தான். எல்லாரும் பழைய ஆக்கள், முகம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு எழுத்தாப் பாத்துப் பாத்து அடிச்சனான். உங்களுக்கு இருக்குது, எனக்கு இல்லை. அது என்னெண்டு?"

நிசாந்தினி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். அவள் மேசையிலிருந்து தேடுவது முதலாவது சேர்வரில். கிளைகள் தேடுவது புதியதில். நேற்றே அது தோன்றியிருக்க வேண்டும். புதிய சேர்வருக்குள் நேரே போய் 'ஏ. சிவலட்சுமி' என்று அடித்தாள். இல்லை என்று வந்தது. பிறகு வரிசையைப் பாராமல், பதிவுகளை ஒன்றொன்றாக முதலிலிருந்து கடைசிவரை பார்க்கும்படி கட்டளை கொடுத்தாள். ஏ. சிவலட்சுமி அங்கே இருந்தார்.

பதிவு இருக்கிறது, தேடினால் அகப்படவில்லை. அப்படியானால் தேடும் வரிசையில்தான் பிழை.

தரவுத்தளம் பெயர்களை அகரவரிசையில் அடுக்கி வைத்திருக்கும். எந்த எழுத்து முன்னால், எது பின்னால் என்று தீர்மானிப்பது இயங்குதளம். பழைய இயங்குதளம் அடுக்கும்போது புள்ளியையும் இடைவெளியையும் கணக்கில் எடுப்பதில்லை. 'ஏ. சிவலட்சுமி' அதில் 'ஏசிவலட்சுமி' என்று எழுதியதுபோல, ஏகாம்பரத்துக்குப் பின்னால் போய் இருந்தார். அந்த அடுக்கு அப்படியே புதிய சேர்வருக்குப் பிரதியாகியிருந்தது. புதிய இயங்குதளமோ புள்ளியையும் ஓர் எழுத்தாக எண்ணி அதற்கு முதலிடம் கொடுப்பது. அது சிவலட்சுமியை ஏகாம்பரத்துக்கு முன்னால் போய்த் தேடியது. அங்கே ஆள் இல்லாததால், இல்லை என்று சொல்லிவிட்டது. பிழை என்று ஓர் எச்சரிக்கை கூட வரவில்லை. இயந்திரத்தின் கணக்கில் பிழை எதுவும் நடக்கவில்லை.

மற்றக் கிளைகளில் முதலெழுத்துக்குப் பின் எவரும் புள்ளியோ இடைவெளியோ வைப்பதில்லை. சுதாஜினி மட்டும் பள்ளிக்கூடத்தில் படித்தபடி வைப்பாள். அதனால் கிளிநொச்சி ஆட்களின் பெயர்கள் மட்டும் காணாமல் போயின. நிசாந்தினி சோதித்துப் பார்த்த இரண்டு பெயர்களிலும் முதலெழுத்தே இல்லை.

முதல் வேலையாகப் புதிய சேர்வருக்குப் போகும் தேடல்களை நிறுத்தி, பழையபடி மாற்றிவிட்டாள். பிறகு சுதாஜினியை அழைத்தாள்.

"சுதா, பிழை உம்மடை இல்லை. என்ரை. இப்ப தேடிப் பாரும்."

"ஓம் அக்கா, இப்ப வருது." சுதாஜினி தொடர்ந்தாள்: "அக்கா, அந்தச் சிவலட்சுமி அம்மா நேற்றுப் பின்னேரம் டொக்டரிட்டைப் போயிருப்பா. பழைய முடிவு ஒண்டும் அவருக்குத் தெரிஞ்சிருக்காதே."

நிசாந்தினி வைத்தியரின் கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்தாள். வழமையான வைத்தியர் லீவில் போயிருந்தார். பதிலுக்கு வந்திருந்த புதியவர் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் அளவு சிவலட்சுமிக்கு எவ்வளவு என்று திரையில் பார்த்தார். முன்னர் எவ்வளவு இருந்தது என்று தேடியபோது அந்த இலக்கத்தில் எதுவும் இல்லை. திடீரென்று ஏறியிருக்கிறது என்று நினைத்து, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்து, வாட்டில் தங்கவைக்கக்கூடும், ஆயத்தமாகப் போங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். உண்மையில் அந்த அளவு நெடுங்காலமாகவே ஏறத்தாழ அப்படித்தான் நின்றது.

நிசாந்தினி கீழே, மருந்துக்கடைக்குப் பின்னால் இருந்த பரிசோதனை அறைக்கு, யோகநாதனிடம் போனாள். அவர் நுண்ணோக்கியில் குனிந்திருந்தார். நடந்ததை முழுவதும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ரத்தத்தைப் பிழையாச் சோதிக்கேல்லையே?"

"இல்லை சேர். முடிவு சரி. பழைய முடிவோடை சேரேல்லை."

"பழைய முடிவு இல்லாமல் இது என்னத்துக்கு உதவும்?" என்று சற்றுக் கடுமையாகவே சொன்னார். பிறகு, "சரி, டொக்டரோடை நான் கதைக்கிறன். அந்த மனிசிக்கு அவர் எடுத்துச் சொல்லுவார்."

"அவா போன் எடுக்கிறா இல்லை சேர். நான் வீட்டை போய்ச் சொல்லிப்போட்டு வாறன்."

"நீர் ஏன் போறீர்?"

"யாழ்ப்பாணம் போற பஸ்ஸிலை ஏறிட்டா எண்டா?"

யோகநாதன் தடுக்கவில்லை. சிவன் கோயிலடியால் போய் வாய்க்கால் கரையோடு திரும்பச் சொல்லி வழி சொன்னார். வினோதனின் ஸ்கூட்டியை வாங்கிக்கொண்டு அவள் வெளிக்கிட்டாள்.

வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. வயல்களில் நெல் முழங்கால் அளவுக்கு நின்றது. இரண்டு இடத்தில் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தாள். விறாந்தையில் ஒரு பயணப்பை திறந்தபடி கிடந்தது. மடித்த சட்டை, துவாய், ஒரு பிளாஸ்ரிக் கோப்பை எல்லாம் அதற்குள் இருந்தன. குசினியிலிருந்து ஒரு பெண் வெளியே வந்தார்.

"சிவலட்சுமி அம்மாவோ?"

"ஓம். நீர் ஆர் பிள்ளை?"

"நீங்கள் ரத்தம் குடுத்தனீங்களெல்லோ, அங்க இருந்து வாறன்."

சிவலட்சுமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "என்ன, இன்னும் கூடிப்போச்சோ?"

"இல்லை, இல்லை அம்மா. கூடேல்லை. அதைச் சொல்லத்தான் வந்தனான்." அவசரமாக அருகே போனாள். "உங்கட பழைய முடிவெல்லாம் இருக்குது. போன மாதம் இருந்த மாதிரித்தான் இப்பவும் இருக்குது. அது தெரியாமல்தான் டொக்டர் பயந்து யாழ்ப்பாணம் அனுப்பினவர்."

"பேர் இல்லையெண்டெல்லோ சொன்னவை?"

"பேர் இருந்தது அம்மா. நாங்கள் புது மிசின் ஒண்டு பூட்டினாங்கள். அது பிழையான இடத்திலை தேடிப்போட்டு இல்லையெண்டு சொல்லிப்போட்டுது. அந்த மிசினைப் பூட்டினது நான்தான்."

சிவலட்சுமி கதிரையை இழுத்து உட்கார்ந்தார். பைக்குள் இருந்த துவாயை எடுத்து மடியில் வைத்தார்.

"ராத்திரி என்ரை மனுசன் கண் மூடேல்லை பிள்ளை. மாடு ரெண்டையும் ஆரிட்டை விடுறதெண்டு என்னோடை கதைச்சுக்கொண்டிருந்தவர். மாட்டைப் பற்றித்தான் கதைச்சவர். ஆனா எனக்கு விளங்கினது."

நிசாந்தினி கேட்டாள்:

"பேர் இல்லையெண்டு அந்தப் பிள்ளை சொல்லேக்கை நீங்கள் ஒண்டும் கேக்கேல்லையோ அம்மா? இவ்வளவு காலமா வாறனீங்கள்தானே?"

"என்னத்தைக் கேக்கிறது? இல்லையெண்டா இல்லைத்தானே. எத்தினை இடத்திலை எத்தினை தரம் பதிஞ்சு போட்டம். இன்னொருக்காப் பதிஞ்சாச் சரி எண்டு விட்டிட்டன்."

அழகம்மாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார். வங்கிக்குப் போனாலும் கோயில் அன்னதானத்துக்குப் போனாலும், பிறப்புப் பத்திரத்திலிருந்து முகாம் அட்டை வரைக்கும் எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு போகிறவர் அவர். உன் பெயர் இல்லை என்று மேசைக்கு அந்தப்பக்கம் இருப்பவர் சொன்னால், மறுத்துப் பேசலாம் என்ற நினைப்பே அவருக்கு வராது. அந்த மேசைக்கு அந்தப்பக்கம் இப்போது தான் இருப்பது நிசாந்தினிக்கு உறைத்தது.

சிவலட்சுமி தொலைபேசியைத் தேடி எடுத்தார். அது மின்னேற்றம் இல்லாமல் அணைந்திருந்தது. நிசாந்தினியின் தொலைபேசியை வாங்கி, மனப்பாடமாக ஓர் இலக்கத்தை அழுத்திவிட்டு அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"மகள் சுரேகா. வவுனியாவிலை இருந்து வெளிக்கிட்டிட்டாள். அவளுக்கு நீரே சொல்லும். நான் சொன்னா, ஆஸ்பத்திரிக்குப் பயந்து பொய் சொல்லுறன் எண்டுவாள்."

சுரேகா பேருந்துக்குள் இருந்தாள். முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் குரல் உயர்ந்தது.

"நான் மாங்குளமும் தாண்டிட்டன். கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டிலை விட்டிட்டு வாறன், தெரியுமோ? நேற்றுக் கூடிப்போச்சு எண்டினம். இண்டைக்கு ஒண்டுமில்லை எண்டுறியள். நாளைக்கு வேறை ஆரும் வந்து, இண்டைக்குச் சொன்னதும் பிழையெண்டு சொல்லமாட்டினமோ?"

"நீங்கள் கோவிக்கிறது சரி. நான் டொக்டர் இல்லை, அதாலை ஒண்டுமில்லையெண்டு நான் சொல்லேல்லை. அம்மான்ரை எல்லா முடிவும் இப்ப டொக்டருக்குப் போயிட்டுது. அவர் பாத்துப்போட்டு என்ன சொல்லுறாரோ அதைக் கேளுங்கோ. அதுவரைக்கும் அம்மாவை பஸ் ஏற வேண்டாம் எண்டு சொல்லத்தான் வந்தனான்."

"அதை முதல் நாளே பாத்துச் செய்திருக்கலாமே?"

"ஓம். செய்திருக்கோணும்."

பிறகு சுரேகா தாயிடம் கொடுக்கச் சொன்னாள்.

அவர்கள் கதைத்து முடிந்த கையோடு யோகநாதனின் அழைப்பு வந்தது. வைத்தியர் பழைய அளவுகளையெல்லாம் பார்த்திருந்தார். யாழ்ப்பாணம் போகத் தேவையில்லை. ஆனால் கடைசி இரண்டு மாதமும் சற்று ஏறுமுகமாக இருப்பதால், வழமையைவிட முந்தி வந்து இன்னொரு முறை இரத்தம் கொடுக்கவேண்டும், உப்பைக் குறைக்கவேண்டும் என்றார். சிவலட்சுமி அதைக் கேட்டுத் தலையாட்டினார். சுரேகாவைத் திரும்ப அழைத்துச் சொன்னபோது, "வெளிக்கிட்டது வெளிக்கிட்டாச்சு, வந்து பாத்திட்டே போறன்" என்றாள்.

அந்நேரம் கணவர் ஏரம்பு முதுகில் மருந்தடிக்கும் தாங்கியோடு படலையைத் திறந்துகொண்டு வந்தார். மனைவி விஷயத்தைச் சொன்னார். அவர் தாங்கியை இறக்கி வைத்து, கிணற்றடிக்குப் போய் முகம் கை கால் எல்லாம் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினார். திரும்பி வந்து, "அப்ப மாடு இஞ்சையே நிக்கட்டுமோ?" என்று கேட்டார்.

"நிக்கட்டும், வேறை எங்கை போறது," என்றார் சிவலட்சுமி. பிறகு நிசாந்தினியைப் பார்த்து, "இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்," என்றார். அவர் குரலில் கோபம் முழுவதும் போய்விடவில்லை. நிசாந்தினி குடித்துவிட்டு வந்தாள்.

பரந்தனுக்குத் திரும்பியதும் இரண்டாவது சிக்கல் எழுந்தது. அந்த இரண்டு நாட்களிலும் பழைய நோயாளிகள் பலர் புதியவர்களாகப் பதியப்பட்டிருந்தார்கள். அவர்களை அழைத்து விஷயத்தைச் சொல்லி, இரண்டு பதிவையும் ஒன்றாக்க வேண்டும் என்றாள். யோகநாதன் தயங்கினார்.

"கொம்பியூட்டரிலை நீர் சேர்த்துவிட்டாச் சரிதானே பிள்ளை. ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டுச் சொன்னா, சனம் எங்களை நம்பாது."

"ஒரே பேரிலை வேறை வேறை ஆக்களும் இருக்கினம் சேர். கேக்காமல் சேர்த்தா ஒராளின்ரை முடிவு மற்றாளுக்குப் போயிடும். சேர்க்காமல் விட்டா ஒராள் ரெண்டு பேராயே இருப்பார். அதோடை, அவையும் டொக்டரிட்டைப் போயிருப்பினம்."

யோகநாதன், ஆஸ்பத்திரியில் இருந்த காலத்தில் இரத்தப் போத்தல் மாறிப்போய் நடந்த ஒரு சங்கதியை நினைத்திருக்கலாம். அதை அவர் எவருக்கும் விளக்கமாகச் சொன்னதில்லை. "சரி, போன் எடுங்கோ. ஆரும் ஏசினா என்னட்டைத் தாங்கோ," என்றார்.

சுதாஜினியும் நிசாந்தினியும் பிரித்துக்கொண்டு அழைத்தார்கள். பலர் சிரித்தார்கள். "நாங்கள் நினைச்சம், நாங்கள்தான் பேரைப் பிழையாச் சொல்லிப்போட்டமெண்டு" என்றார்கள். விசுவமடுவிலிருந்து வந்த ஒரு முதியவர், தன் பெயரை மகன் பணம் கட்டாததால் வெட்டிவிட்டார்கள் என்று நினைத்து மகனோடு கதைக்காமல் இருந்ததாகச் சொன்னார். ஒருவர் மட்டும் நன்றாக ஏசினார். அவரை யோகநாதனிடம் கொடுத்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிசாந்தினி புதிய சேர்வரை முழுவதும் அழித்தாள். பழைய இரண்டிலும் உள்ள அதே இயங்குதளத்தைப் போட்டு, அவற்றில் எந்த அப்டேற் வரைக்கும் ஏற்றப்பட்டிருக்கிறதோ அதுவரைக்கும் மட்டும் ஏற்றி, தரவைத் திரும்பப் பிரதி எடுத்தாள். இந்தமுறை சோதிக்கும்போது சுதாஜினியையும் பக்கத்தில் இருத்தினாள். புள்ளி வைத்த பெயர், கோடு போட்ட பெயர், கிரந்த எழுத்தில் தொடங்கும் பெயர், ஆங்கிலத்தில் அடித்த பெயர் என்று தன் மேசையில் மாதக்கணக்காகப் பார்த்த விநோதமான பெயர்களையெல்லாம் சுதாஜினி நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, நிசாந்தினி மூன்று சேர்வர்களிலும் தேடிப் பார்த்தாள். எல்லாம் வந்தன. அதற்குப் பிறகும் அவள் கிளைகளை உடனே திருப்பிவிடவில்லை. முதலில் ஒரு கிளையை மட்டும் விட்டு, அது ஒழுங்காக ஓடுகிறதா என்று ஒரு கிழமை பார்த்தாள்.

"அப்ப இனி அப்டேற்றே போடுறேல்லையோ?" என்று யோகநாதன் கேட்டார்.

"போடத்தான் வேணும் சேர். பழசிலை ஓட்டை இருக்கு, எப்பவும் இப்பிடியே இருக்க ஏலாது. மூண்டையும் சேர்த்து மேலை கொண்டு போகோணும். ஏத்தின கையோடை பேரெல்லாத்தையும் புது வரிசைக்குத் திரும்ப அடுக்கோணும். அதுக்கு எனக்கு நேரம் தாங்கோ. கிளையளை ஒரு நாள் பூட்டவும் வேண்டிவரும்."

"சொல்லும், பூட்டுவம்," என்றார் அவர்.

அந்த வேலை பெரும்போக விதைப்புக்கு முன்னர் நடந்து முடிந்தது. சிவலட்சுமிக்கு இரண்டாவது முறை எடுத்த இரத்தத்தில் அளவு கொஞ்சம் இறங்கியிருந்தது. அவர் இப்போதும் மாதாமாதம் கிளிநொச்சிக் கிளைக்கு வருகிறார். சுரேகா தாய்க்கு ஒரு கோப்பு வாங்கிக் கொடுத்து, ஒவ்வொரு முடிவையும் காகிதத்தில் எடுத்து அதில் வைக்கச் சொல்லியிருக்கிறாள். சுதாஜினியும் மறுக்காமல் எடுத்துக் கொடுக்கிறாள்.

மாரி மழை தொடங்கி, மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்த ஒரு மத்தியானம் அந்தக் கிழட்டுச் சேர்வர் நின்றுபோனது. நிசாந்தினி சோற்றுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். திரையில் சிவப்பு எழுத்தில் அறிவிப்பு வந்தது. அதன் வேலையைப் புதியது எடுத்துக்கொண்டதாக அடுத்த வரி சொன்னது. அவள் கிளைகளின் தேடல்களைப் பார்த்தாள், வந்துகொண்டிருந்தன. கீழே இறங்கி யோகநாதனிடம் சொன்னாள்.

"ரெண்டாவது சேர்வர் நிண்டிட்டுது சேர்."

அவர் நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்தார். "கிளையளிலை இருந்து ஆரும் கூப்பிட்டவையோ?"

"இல்லை சேர். எல்லாம் ஓடுது. இப்பதான் மூண்டு கிளையிலையும் தேடிப் பாத்தனான்."

"புள்ளி போட்டும் பாத்தீரோ?"

"ஓம்."

"சரி, அப்ப சாப்பிடும்," என்று சொல்லி அவர் மறுபடி குனிந்தார். பின்னேரம் மழை விட்டதும், நிசாந்தினியும் வினோதனும் பழைய சேர்வரின் கம்பிகளைக் கழற்றி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படிக்கட்டால் கீழே இறக்கினார்கள்.